கிலோவுக்குப் பத்தாயிரம் பூ: எகிப்து மல்லிகை வயலில் குழந்தைகளின் கை எப்படி வந்தது?

உலகச் சந்தைக்குப் போகும் மல்லிகையில் ஏறத்தாழப் பாதி எகிப்தில் விளைகிறது. அதுவும் நாடு முழுக்க அல்ல. நைல் கழிமுகத்தில் உள்ள கர்பிய்யா மாகாணத்தில், ஷுப்ரா பலூலா போன்ற சில கிராமங்களைச் சுற்றித்தான் பெரும்பகுதி. அங்கே வளர்வது நம் குண்டுமல்லி அல்ல. நாம் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்கிற கொடி வகை. நீண்ட காம்பும் ஐந்து இதழும் கொண்ட, இளஞ்சிவப்பு முதுகுள்ள பூ. வாசனைத் திரவியத் தொழில் பெரிதும் தேடுவது இதைத்தான்.

2024 மே மாதம் பிபிசி ஒரு புலனாய்வை வெளியிட்டது. லோரியல் குழுமத்தின் லாங்கோம், எஸ்டே லாடர் குழுமத்தின் ஏரின் பியூட்டி ஆகிய பிராண்டுகளுக்கு மல்லிகைச் சாறு தரும் நிறுவனங்களின் வலையில், பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரவில் பூப்பறிப்பதை அது படம்பிடித்திருந்தது. ஒரு தாயும் ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள அவருடைய நான்கு பிள்ளைகளும் சேர்ந்து ஓர் இரவில் பறித்தது ஒன்றரைக் கிலோ. மூன்றில் ஒரு பங்கு நிலக்காரருக்குப் போக, கையில் நின்றது ஒன்றரை டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 125 ரூபாய். அந்தப் பிள்ளைகளில் பத்து வயதுச் சிறுமிக்குக் கண்ணில் கடும் ஒவ்வாமை. சிகிச்சை எடுக்காமல் இந்த வேலையைத் தொடர்ந்தால் பார்வை பாதிக்கப்படும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

இரண்டு நிறுவனங்களும் மனித உரிமையை மதிப்பதாகவும், தங்களுக்குப் பொருள் தருபவர்களிடம் பேசுவதாகவும் பதில் தந்தன. செய்தி சில வாரம் ஓடியது. பிறகு அடங்கியது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை நள்ளிரவில் ஏன் வயலில் நிற்கிறது என்ற கேள்விக்கு, பிராண்டின் பேராசை என்ற ஒற்றைச் சொல் போதாது. பூவின் இயல்பு, எடைக்குக் கூலி, ஒரே வகை வாங்குநர், பகலில் வரும் தணிக்கையாளர் ஆகிய நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் இழுத்தால் முடிச்சு அவிழாது.

இரவில்தான் பறிக்க வேண்டும்

பிச்சி அந்தியில் மலரத் தொடங்கும். இரவு ஏற ஏற மணம் கூடும். விடியலுக்கு முந்தைய சில மணி நேரம்தான் உச்சம். பென்சைல் அசிடேட், இண்டோல், லினலூல் முதலான ஆவியாகும் சேர்மங்கள் அப்போது பூவில் நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் மணம் பறந்துவிடும், இதழ் வாடிவிடும், சாறு குறையும். அதனால் நள்ளிரவு தாண்டி வயலுக்குள் இறங்கி, வெயில் சுள்ளென்று அடிப்பதற்குள் பூவை எடைபோட்டுத் தள்ளிவிட வேண்டும். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை பருவம். உச்ச விளைச்சல் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை.

பறிப்பது எளிய வேலையாகத் தோன்றும். இலையும் பச்சைத் தண்டும் சேரக் கூடாது, சேர்ந்தால் சாற்றில் புல்வாடை ஏறும். இதழ் நசுங்கக் கூடாது, நசுங்கினால் சில மணி நேரத்தில் பழுப்பாகி நொதிக்கத் தொடங்கும். நிறைய பூவை ஒரே சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறும், ஆலை அந்தச் சாக்கைத் தள்ளிவிடும் அல்லது விலையைக் குறைக்கும். பனியில் நனைந்த பூ எடை கூடும் என்பதால் ஈரத்துக்கென்று ஒரு கழிவு பிடிப்பதும் உண்டு. அந்தக் கழிவு எவ்வளவு என்பதைத் தராசு வைத்திருப்பவர்தான் முடிவு செய்வார். பூச்சந்தைக்குப் பழகிய நம்மூர் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரம் இந்த வேலைக்கு ஆகாது. மொக்கும் மலர்ந்த பூவும் வாடிய பூவும் ஒரே கிளையில் இருக்கும். அன்று மலர்ந்ததை மட்டும் பொறுக்கி எடுக்கக் கண்ணும் விரலும்தான் வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் பத்தாயிரம் பூ. இரண்டு கையாலும் நொடிக்கு ஒரு பூ என்ற கணக்கில், இடைவிடாமல் பறித்தாலும் மணிக்கு 3,600 பூ, அதாவது 360 கிராம். ஆறு மணி நேரம் நின்றால் இரண்டு கிலோவை எட்டும். தேர்ந்த கை இதைவிடக் கூடுதலாகப் பறிக்கும். ஆனால் சேற்றில் நின்றுகொண்டு, கொசுக்கடியில், தலைவிளக்கு வெளிச்சத்தில் ஆறு மணி நேரமும் அதே வேகம் நிற்காது.

கம்பளத் தொழிலில் ஒரு காலத்தில் சொன்ன பழைய கதை ஒன்று உண்டு: குழந்தையின் மெல்லிய விரல் வேலைக்கு ஏற்றது என்று. மல்லிகைக்கும் அதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழந்தை பெரியவரைவிட மெதுவாகத்தான் பறிக்கும், அதிகம் நசுக்கும். அதை வயலுக்குக் கொண்டுவருவது விரலின் நேர்த்தி அல்ல. அம்மாவின் கூடையில் சேரும் இருநூறு, முந்நூறு கிராம்தான். இன்னொரு காரணமும் உண்டு, அறிக்கைகளில் அது அதிகம் வராது: தாய் இரவு முழுக்க வயலில் இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளையை வீட்டில் யாரிடம் விடுவது? கூடவே கூட்டிக்கொண்டு வருகிறார். வந்த பிள்ளை சும்மா நிற்காது.

எடைக்குக் கூலி என்றால் வயதுக்கு இடமில்லை

நாள்கூலியாக இருந்தால், ஆளை எண்ணிக் கூலி தர வேண்டும். அப்போது முதலாளிக்கு ஆளின் வயது தெரிந்தாக வேண்டும். எடைக்குக் கூலி என்றால் அவருக்குத் தெரிய வேண்டியது தராசு முள் மட்டுமே. கூடையில் எத்தனை கை இருந்தது என்பது சீட்டில் வராது. ஒரு பெயர், ஓர் எடை, ஒரு தொகை. குடும்பமே உழைத்தாலும் காகிதத்தில் அது ஒரு பெரியவரின் வேலை. சட்டத்தை மீற யாரும் திட்டம் போட வேண்டியதே இல்லை. கூலி முறையே குழந்தையை மறைத்துவிடுகிறது.

இப்போது விலையைப் பார்ப்போம். அந்தக் குடும்பத்தின் கணக்கைத் திருப்பிப் போட்டால், பங்கு கழிப்பதற்கு முன் கிலோவுக்கு ஒன்றரை டாலர் வருகிறது. 2023-இல் எகிப்தின் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 3,000 பவுண்டு, அன்றைய மாற்று விகிதத்தில் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. 26 வேலை நாளாகப் பிரித்தால் நாளுக்கு மூன்றரை டாலரைத் தாண்டும். ஐந்து பேரின் ஓர் இரவு உழைப்பு, சட்டப்படி ஒருவர் பெற வேண்டிய நாள் ஊதியத்தில் பாதிகூட இல்லை. ஏட்டுக்கு வெளியே நடக்கும் வயல் வேலைக்கு அந்தச் சட்ட ஊதியம் எட்டுவதே இல்லை என்பது வேறு கதை.

காலமும் கைகொடுக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 16 பவுண்டுக்குள் இருந்த எகிப்து நாணயம், 2023 தொடக்கத்தில் 30 பவுண்டைத் தொட்டது. 2024 மார்ச்சில் 50-க்கு அருகில் போனது. 2023 செப்டம்பரில் நகர்ப்புறப் பணவீக்கம் 38 சதவீதம். சாற்றை ஏற்றுமதி செய்பவருக்கு வருவது டாலர். பூப்பறிப்பவருக்கு வருவது பவுண்டு. நாணயம் வீழும்போது இடைவெளி யார் பக்கம் நின்றது என்பதைக் கணக்கெழுதத் தெரிந்தவர் எவரும் சொல்லிவிடுவார். அரிசி, எண்ணெய், ரொட்டி விலை ஏறிய அளவுக்குப் பூவின் விலை ஏறவில்லை. பற்றாக்குறையை நிரப்ப வீட்டிடம் இருந்தது ஒன்றே ஒன்று: இன்னும் இரண்டு கை.

லோரியலின் பதிலில் ஒரு வரி கவனிக்கத்தக்கது. விவசாயிகளைப் பாதிக்கும் வகையில் சந்தை விலைக்குக் கீழே போகும்படி தாங்கள் யாரிடமும் கேட்பதில்லை என்பது அதன் பொருள். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் எந்தச் சந்தை? நிலக்கோட்டையிலோ சத்தியமங்கலத்திலோ பூவுக்கு இரண்டு வாங்குநர் உண்டு: மாலை கட்டுபவரும் சாறு எடுக்கும் ஆலையும். முகூர்த்த நாளில் மல்லி விலை விண்ணைத் தொடும், ஆலை ஒதுங்கி நிற்கும். வரத்து பெருகி விலை சரியும்போது ஆலை இறங்கி வாங்கும். ஏற்ற இறக்கம் கொடுமையானதுதான், ஆனாலும் விவசாயிக்குப் போக இன்னோர் இடம் இருக்கிறது. கர்பிய்யாவில் விளையும் பிச்சிக்கு அப்படித் தலையில் சூடும் சந்தை இல்லை. விடிந்தால் பழுத்துவிடும் பூ, சுற்று வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள். அவர்கள் வைத்ததே விலை. அதைச் சந்தை விலை என்பது, ஊரில் ஒரே கிணறு வைத்திருப்பவர் சொல்லும் தண்ணீர் விலையைச் சந்தை விலை என்பது போல.

வயலிலிருந்து புட்டி வரை

பூ முதலில் சேகரிப்பு மையத்துக்குப் போகிறது. பல குடும்பங்களின் பூவும் பெரிய நிலக்காரர்களின் பூவும் அங்கே ஒரே குவியலாகின்றன. இந்த இடத்திலேயே, எந்தப் பூ யார் பறித்தது என்ற அடையாளம் போய்விடும்.

ஆலையில் துளையிட்ட தட்டுகளில் பூவைப் பரப்பி, அடுக்கி, கலனுக்குள் இறக்கி ஹெக்சேன் கரைப்பானால் இரண்டு மூன்று முறை கழுவுகிறார்கள். மணமும் மெழுகும் கரைப்பானில் இறங்கும். ஹெக்சேனைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள் பழுப்பு மெழுகுக் கட்டி. தொழிலில் அதற்குக் கன்கிரீட் என்று பெயர். எகிப்தியர்கள் பிசைந்த மாவு என்ற பொருளில் அஜீனா என்கிறார்கள். நூறு கிலோ பூவுக்குச் சுமார் 300 கிராம் கிடைக்கும். அதை எத்தனாலில் கரைத்து, உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து, திரளும் மெழுகை வடிகட்டி, எத்தனாலையும் ஆவியாக்கினால் கிடைப்பது அப்சல்யூட். கன்கிரீட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அது வரும்.

ஆக, ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குக் கிட்டத்தட்ட 700 முதல் 800 கிலோ பூ. எழுபது எண்பது லட்சம் மலர். ஓர் இரவில் இரண்டு கிலோ பறிக்கும் ஒருவருக்கு ஓராண்டுக்கு மேல் பிடிக்கும் வேலை, பருவமோ ஆறு மாதம்தான்.

ஆலை அப்சல்யூட்டை விற்பது பெரும்பாலும் பிராண்டுக்கு அல்ல, வாசனை நிறுவனங்களுக்கு. ஜிவோடான், டிஎஸ்எம் ஃபிர்மெனிச், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் என்ற நான்கு பெரிய நிறுவனங்களே உலக வணிகத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கின்றன. அவற்றில் வேலை பார்க்கும் வாசனைக் கலைஞர்கள்தான் சூத்திரம் எழுதுகிறார்கள். புதிய வாசனை வேண்டும் என்று பிராண்ட் ஒரு குறிப்பு அனுப்பும். எந்த மனநிலை, எந்த வயதுப் பெண், எந்த நிறப் புட்டி என்றெல்லாம் அதில் இருக்கும். கூடவே கலவையின் ஒரு கிலோவுக்கு இவ்வளவு டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் இருக்கும். பல நிறுவனங்கள் ஒரே குறிப்புக்குப் போட்டியிடும். தோற்றவருக்குச் செய்த வேலைக்குக் காசு இல்லை. ஆகவே வரம்புக்குள் அடங்குவது எப்படி என்பதில்தான் கலைஞரின் பாதி நேரம் போகிறது.

ஒரு சிறு சிக்கலும் உண்டு. பல நாட்டு, பல பருவச் சரக்கைக் கலந்து, ஆண்டுதோறும் ஒரே மணம் வரும்படி சமன்படுத்துவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். பிரெஞ்சில் அதைக் கம்யூனெல் என்பார்கள். தரத்துக்கு அது நல்லது. தடத்துக்கு அது முடிவு. சேகரிப்பு மையத்தில் ஒருமுறை, கம்யூனெலில் இன்னொருமுறை என்று, புட்டியிலிருந்து வயலுக்குத் திரும்பும் வழி இரண்டு இடத்தில் அறுபடுகிறது.

நான்கு சென்ட்

அடிக்கடி கேட்கும் கேள்வி: பூவுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் வாசனைத் திரவியம் எவ்வளவு விலை ஏறும்? எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடலாம். 50 மில்லி புட்டி, அதில் 15 சதவீதம் வாசனைக் கலவை என்றால் ஏழரை கிராம். கலவையில் அரை சதவீதம் உண்மையான மல்லிகை அப்சல்யூட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது 37 மில்லிகிராம் சொச்சம். அதற்குத் தேவைப்படும் பூ 28 கிராம், ஏறத்தாழ 280 மலர். கிலோ ஒன்றரை டாலர் என்ற விலையில் அந்தப் பூவின் மதிப்பு நான்கு சென்ட். கூலியை இரட்டிப்பாக்கினால் புட்டியில் ஏறுவது இன்னொரு நான்கு சென்ட், மூன்று நான்கு ரூபாய். நூறு டாலருக்கு மேல் விற்கும் புட்டியில் அது மூடியின் முலாமுக்கும் காணாது.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன: நான்கு சென்ட்கூடக் கொடுக்க மனமில்லையா என்ற கேள்வியோடு. ஆனால் அந்த நான்கு சென்ட்டை யாரும் புட்டிக்குக் கொடுப்பதில்லை, கிலோவுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆலையின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். 750 கிலோ பூ, கிலோவுக்கு ஒன்றரை டாலர் என்றால் ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பூச்செலவு மட்டும் 1,125 டாலர். விலையை இரட்டிப்பாக்கினால் 2,250. அப்சல்யூட்டே சில ஆயிரம் டாலருக்கு விற்கும் பொருள். இந்த ஏற்றத்தை ஆலை தனியாகத் தாங்காது. தூக்கி வாசனை நிறுவனத்தின் தலையில் வைத்தால், அதன் கொள்முதல் மேலாளர் இந்தியச் சரக்கின் விலையைக் கேட்பார். அதற்கும் மேலே, கலைஞரின் கணினித் திரையில் மல்லிகையின் விலை சிவப்பாகும். அவர் அரை சதவீதத்தைக் கால் சதவீதமாக்கி, மீதியை ஹெடியோன் கொண்டு நிரப்புவார். மல்லிகையின் சுவாசம் போன்ற லேசான மணம் தரும் இந்தச் செயற்கைச் சேர்மத்தை ஃபிர்மெனிச் உருவாக்கியது. 1966-இல் டியோரின் ஓ சவாஜ் வாசனையில் அது புகழ்பெற்றது. இன்று மலிவான பொருள்.

புட்டியில் தூசு, ஆலையில் பாறை. அந்த எடை வேறுபாடுதான் எல்லோரையும் கைகழுவ விடுகிறது. விலையை ஏற்றும் வசதி உள்ளது மேல்படியில். ஏற்றினால் அடிவாங்குவது கீழ்ப்படி. இடையில் இருக்கும் ஒவ்வொருவரும் மேலே கைகாட்டிவிட்டுக் கீழே பேரம் பேசலாம். குறிப்பில் விலை வரம்பை எழுதும் பிராண்டுதான் இந்தச் சங்கிலியில் விலையை உண்மையாகத் தீர்மானிக்கும் கை என்பதே எங்கள் கணிப்பு. பூவுக்கு அது நேரடியாகப் பணம் தருவதில்லை என்பது அதன் பொறுப்பைக் குறைப்பதில்லை.

தணிக்கையாளர் பத்து மணிக்கு வருகிறார்

சான்றிதழ் இல்லாமலா இத்தனை பெரிய நிறுவனங்கள் வாங்குகின்றன? இருக்கிறது. பொறுப்புடன் பெறப்பட்டது என்ற முத்திரைக்கு, பிராண்ட் சார்பாகவோ ஆலையின் செலவிலோ ஒரு தணிக்கை நிறுவனம் வந்து போகிறது. அது எதைப் பார்க்கிறது என்பதுதான் விஷயம்.

வழக்கமான தணிக்கை முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வரும். வருவது அலுவலக நேரத்தில். பார்ப்பது ஆலை: தீயணைப்பான், ஹெக்சேன் கிடங்கு, சம்பளப் பதிவேடு, அடையாள அட்டை. ஆலைக்குள் குழந்தை இருக்காது, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வயலைப் பார்க்க வேண்டும் என்றால் ஆலைக்குச் சொந்தமான மாதிரித் தோட்டத்துக்கு அழைத்துப்போவார்கள். அங்கே கூலியாட்கள் பெரியவர்கள், கையுறைகூட அணிந்திருக்கலாம். சிறு நிலக்காரர்களிடமிருந்து சேகரிப்பு மையம் வழியாக வரும் பூ, தணிக்கையின் எல்லைக்கே வெளியே நிற்கும். எல்லையை வகுப்பது கட்டணம் கட்டுபவர். பூ பறிக்கப்படுவது இரவு ஒரு மணிக்கு. தணிக்கையாளர் விமான நிலையத்திலிருந்து இறங்குவது காலை பத்துக்கு. இந்த ஒன்பது மணி நேர இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது.

உண்மையில் பார்க்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது, பெரிய தொழில்நுட்பமும் தேவையில்லை. சேகரிப்பு மையத்தின் எடைச் சீட்டுகளைப் பருவத்தின் நடுவில் எடுத்து அடுக்கினால் போதும். ஒரு பெரியவர் ஓர் இரவில் பறிக்கக்கூடியது எவ்வளவு என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்தோம். ஒரே பெயரில் நாள்தோறும் நான்கு, ஐந்து கிலோ வந்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் வேறு கைகள் இருக்கின்றன. அடுத்து, பள்ளி வருகைப் பதிவேடு. எகிப்தில் பள்ளிகள் செப்டம்பர் பிற்பாதியில் திறக்கும், மல்லிகைக்கு அது உச்சப் பருவம். செப்டம்பர் அக்டோபரில் முதல் மணியில் தூங்கி வழியும் பிள்ளைகள் யார் என்று ஊர் ஆசிரியருக்குத் தெரியும். மூன்றாவது, சொல்லாமல் போய் இரவு இரண்டு மணிக்கு வயல் வரப்பில் நிற்பது. இந்த மூன்றையும் செய்யச் சொல்லித் தணிக்கை ஒப்பந்தம் எழுதுபவர் அரிது.

சட்டம் என்ன சொல்கிறது

எகிப்தின் 1996-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், 2008 திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்தாக வைத்தது. இரவு ஏழு முதல் காலை ஏழு வரை குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது. அப்படியென்றால் மல்லிகைப் பறிப்பு முழுவதுமே தடை செய்யப்பட்ட நேரத்துக்குள் விழுகிறது. சிறு சந்துகளும் உண்டு. பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் பருவகால வேலை செய்ய மாகாண ஆளுநர் அனுமதி தரலாம். 2003 தொழிலாளர் சட்டமோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு அத்தியாயத்திலிருந்து முற்றிலும் வேளாண்மை சார்ந்த வேலையை விலக்கியே வைத்திருந்தது. வயலுக்குள் ஆய்வாளர் ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஆள் பற்றாக்குறை மட்டும் காரணம் அல்ல.

வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், இது குடும்ப வேலை என்பது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆம் உடன்படிக்கை குடும்ப வயலுக்கு ஓரளவு விலக்குத் தர இடமளிக்கிறது. ஆனால் அது உள்ளூர் நுகர்வுக்கு விளைவிக்கும், கூலியாள் வைக்காத சிறு நிலத்துக்குத்தான். பாரிஸ் கடைக்குப் போகும் பூ அந்த வரையறைக்குள் வராது. நிலமே குடும்பத்தினுடையதாக இல்லாமல், மூன்றில் ஒரு பங்கு நிலக்காரருக்குப் போகும்போது குடும்ப வேலை என்ற சொல்லும் நிற்காது.

வாங்கும் நாடுகளின் பக்கம், பிரான்ஸ் 2017-இல் பெருநிறுவனங்கள் தங்கள் கொள்முதல் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறல்களைக் கண்காணிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அதுபோன்ற பொது நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. அமலுக்கு வரும் முன்பே, 2025-இல், தேதி தள்ளிப்போனது. இதற்கிடையில் நியாயத் தொழிலாளர் சங்கமும் (Fair Labor Association) பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் வாசனை நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு எகிப்து மல்லிகைக்கென்றே ஒரு கூட்டுத் திட்டம் நடத்துகின்றன. நல்ல தொடக்கம்தான். விழிப்புணர்வுக் கூட்டமும் கோடை முகாமும் மட்டும் நடந்து, கிலோ விலை அப்படியே நின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். குழந்தை முகாமில் இருக்கும் இரவில் தாயின் கூடை அரைக் கிலோ குறையும்.

வேறு பயிரிலும் இதே கதைதான், பாத்திரம் மட்டும் மாறும்

துருக்கியின் இஸ்பார்ட்டாவில் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை ரோஜா. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்றரை முதல் நான்கு டன் பூ. விடியற்காலைப் பறிப்பு, எடைக்குக் கூலி, இடம்பெயர்ந்து வரும் குடும்பங்கள், இன்னும் முடியாத பள்ளி ஆண்டு.

மடகாஸ்கரின் வெனிலா, குழந்தை உழைப்பால் விளையும் பொருட்கள் குறித்த அமெரிக்கத் தொழிலாளர் துறைப் பட்டியலில் இருக்கிறது. அங்கே சிக்கல் இரவில் அல்ல, விலையின் ஊசலாட்டத்தில். கிலோ 600 டாலர் தொட்ட ஆண்டுகளில் திருட்டுப் பயம், காய்த்த கொடிக்குக் காவல். விழுந்த ஆண்டுகளில் கூலியாள் வைக்க வழியில்லை, பிள்ளைகள்தான் கை. வெனிலா மலரைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் ஆல்பியஸ். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு, அடிமை. உலகம் இன்றும் அவன் முறையில்தான் வெனிலா விளைவிக்கிறது.

எதை மாற்றினால் எது மாறும்

குழந்தை பறித்த பூ வேண்டாம் என்று ஆலை வாசலில் பலகை வைப்பது மலிவானது. அந்தக் குடும்பம் அடுத்த மையத்துக்குப் போகும். பிராண்டே எகிப்தைவிட்டு விலகுவது இன்னும் மலிவானது, இன்னும் மோசமானது. இருந்த ஒன்றரை டாலரும் போகும்.

பலன் தரக்கூடியது, பருவம் தொடங்கும் முன்பே கிலோ விலையைப் பேசி முடிக்கும் பலவருட ஒப்பந்தம். அதில் பறிப்பவரின் பங்கும் நிலக்காரரின் பங்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றிய விலை வரப்பைத் தாண்டாது. பணம் பறிப்பவரின் பெயருக்கே போக வேண்டும். ஒரு பெரியவர் தனியாகப் பறித்தாலும் சட்ட ஊதியத்தை எட்டும் விலை எது என்று கணக்கிட்டுத் தொடங்கலாம். 2023 கணக்கில், நாளுக்கு மூன்றரை டாலர், இரண்டு கிலோ, மூன்றில் இரண்டு பங்கு கையில் என்றால், கிலோவுக்கு 2.63 டாலர் தேவை. கொடுத்ததோ ஒன்றரை. இது ஐந்து பேரைப் பராமரிக்கும் ஊதியம் அல்ல, சட்டத்தின் அடித்தட்டு மட்டுமே. அதோடு இரவு நேரத்தில் சிறு பிள்ளைகளை விட்டுவைக்க ஊருக்குள் ஓர் இடம். இது செலவு குறைந்தது, ஆனால் எந்தத் திட்ட அறிக்கையின் அட்டைப் படத்திலும் வராது.

இந்தியாவுக்கு இதில் வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை. எகிப்துக்கு மாற்றாகப் பிச்சிச் சாறு தேடுபவர் அடுத்து வந்து நிற்பது தமிழ்நாட்டு ஆலை வாசலில். இங்கே 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பூப்பறிப்பு முடிவதும் பள்ளி மணி அடிப்பதற்கு முன்புதான்.